காரைக்குடி பக்கம் நாங்களே சேர்ந்து கைவினைக் கடையும் கேலரியுமா ஒண்ணு போடலாம்னு இருக்கோம், கமிஷன் எவ்வளவு வைக்கிறது?

கொட்டான்காரி:

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துப் படிச்சிட்டு சொல்லுங்க. நாங்க காரைக்குடி பக்கத்துக் கிராமம். மாமியாரும் நானும் பனையோலைக் கொட்டான் (கூடை) முடையிறோம், எங்க தெருவுல இன்னும் நாலு வீட்டுல முடையிறாங்க. கல்யாணத்துக்குப் பலகாரம் வச்சுக் குடுக்க, சீர் வைக்கன்னு ஆர்டர் வரும், அது இப்பவும் வருது, ஆனா முகூர்த்த மாசம் போனா அடுத்து சும்மா தான் உக்காந்திருக்கணும். மீதி நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு வியாபாரி வருவார், நாங்க 180க்குக் குடுக்கிறதை அங்க 550 ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்கன்னு என் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பினா. அவரைக் குத்தம் சொல்லல, அவருக்கும் கடை வாடகை இருக்கும், ஆனாலும் வயித்தெரிச்சலா இருக்குல்ல.

இப்ப என்னன்னா சொந்தக்காரங்களோட பழைய வளவு வீடு ஒண்ணு பூட்டியே கெடக்குது, முகப்பும் ஒட்டின பட்டாலைங்கிற கூடமும் மட்டும் குறைஞ்ச வாடகைக்குத் தர்றோம்ங்கிறாங்க. டூரிஸ்ட் வண்டி போற வழி தான். கொட்டான் முடையிற நாங்க, கண்டாங்கிச் சேலை நெய்யிற ரெண்டு குடும்பம், மானாமதுரையில மண்பாண்டம் பண்ற ஒரு அண்ணன், மரச்செதுக்கு வேலை பாக்குற மூணு பேரு, ஆத்தங்குடிக் கல்லு (தரையில பதிக்கிற டைல்) போடுற ஒரு பட்டறை, எல்லாரும் சேர்ந்து நடத்தலாம்னு பேசி வச்சிருக்கோம். வெளி முதலாளி யாரும் இல்ல. இடையில ஆளே வேணாம், செஞ்சவங்க பேரு போட்டு, அவங்க போட்டோ வச்சு, கேலரி மாதிரி நீட்டா அடுக்கணும்னு ஆசை.

பேச உக்காந்தா மொதல் நாளே சண்டை. நம்ம கடை தானே, எதுக்கு கமிஷன், வேணும்னா பத்து பர்சென்ட் வச்சுக்கங்கன்னு ஒருத்தர். முப்பது இல்லாம முடியாதுன்னு இன்னொருத்தர். சரக்கைக் கடை காசு குடுத்து வாங்கிக்கணுமா இல்ல வித்த பிறகு குடுத்தாப் போதுமா? கடையில யாரு உக்காருறது? கூட்டுறவு சங்கமா பதியணுமா? ஏற்கனவே இப்படி நடத்தினவங்க, பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


பழைய கணக்கர்:

தாயி, நான் ஒரு தொழிற்கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவன், எந்த ஊர்னு வேணாம். கமிஷன் பத்தா முப்பதான்னு பேசிக்கிட்டே இருந்தா விடியவே விடியாது, மொதல்ல கடையோட மாசச் செலவை ஒரு பேப்பர்ல எழுதுங்க. சும்மா உதாரணத்துக்கு, வாடகை 6000, கரண்ட் 2000, ஒரு பொண்ணு சம்பளம் 10000, பை டேக் பேக்கிங் 3000, நெட்டு ரிப்பேர் சில்லறை 2000, ஆடிட்டருக்கு மாசக் கணக்குல 2000. மொத்தம் 25000. இருபத்தஞ்சு பர்சென்ட் வச்சா மாசம் ஒரு லட்சத்துக்கு விக்கணும் வரவும் செலவும் சரியாப் போக. பத்து பர்சென்ட்னு அந்தத் தம்பி சொன்னாரே, அதுக்கு ரெண்டரை லட்சம் விக்கணும். இதை அவர் கையிலேயே பேனாவக் குடுத்துப் போடச் சொல்லுங்க, சண்டை பாதி அடங்கிரும்.

சரக்கை விலை குடுத்து வாங்க ஆரம்பத்துல உங்ககிட்ட காசு இருக்காது, அதனால வித்த பிறகு குடுக்கிற முறை தான். ஆனா அதுல ஒரு விஷம் இருக்கு, பட்டுவாடா தேதி. நான் பாத்ததுல சங்கம் முறிஞ்சதெல்லாம் கமிஷன் ஜாஸ்தின்னு இல்ல, வித்த காசை கடைக்காரங்க கரண்ட் பில்லுக்கும் பெயிண்ட் அடிக்கவும் எடுத்துட்டு, அடுத்த மாசம் தர்றோம், அதுக்கு அடுத்த மாசம் தர்றோம்னு இழுத்தாங்க பாருங்க, அதுல தான். நல்லாச் செய்யிறவன் மொதல்ல வெளிய போவான், ஏன்னா அவனுக்கு வெளிய வாங்க ஆள் இருக்கு. மிச்சம் கிடக்குறது யாரும் வாங்காத சரக்கு மட்டும் தான். அதனால மாசம் 10ம் தேதின்னா 10ம் தேதி, கடை பூட்டியிருந்தாலும் பட்டுவாடா. செஞ்சவங்க பங்குக்கு தனி பேங்க் கணக்கு, கமிஷன் பணத்துக்கு தனி. ரெண்டும் ஒண்ணாக் கலந்துச்சுன்னா எவ்வளவு நல்லவன் கையிலயும் தங்காது.

விலைச்சீட்டு ரெண்டு துண்டா அடிங்க, நடுவுல ஓட்டை போட்டு. மேல உறுப்பினர் நம்பர், பொருள் நம்பர், விலை. அதே தான் கீழயும். வித்தவுடனே கீழ்த்துண்டைக் கிழிச்சு டப்பாவுல போடணும். மாசக் கடைசியில டப்பாவைக் கொட்டி நம்பர் வாரியாப் பிரிச்சா யாருக்கு எவ்வளவுன்னு எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கும் தெரியும். கம்ப்யூட்டர்லயும் போடுங்க வேணாம்ங்கல, ஆனா சீட்டு தான் சாட்சி.

பதிவு விஷயம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, அதுல பதியணும்னா குறைஞ்சது 25 பேர் வேணும், மாவட்டத் தொழில் மையம் வழியாப் போகணும், தேர்தல், தணிக்கை எல்லாம் அரசு முறைப்படி. நீங்க அவ்வளவு பேர் இல்ல. உற்பத்தியாளர் கம்பெனின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பத்து பேர் போதும், டைரக்டர் குறைஞ்சது அஞ்சு பேர், எவ்வளவு ஷேர் வச்சிருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. கைத்தறி, கைவினை எல்லாம் அதுக்குள்ள வரும். வருசக் கடைசியில மிச்சம் இருந்தா ஷேர் கணக்குல மட்டும் இல்லாம, யாரு எவ்வளவு சரக்கு குடுத்தாங்களோ அந்த அளவுக்கு போனஸாப் பிரிக்கலாம். பாடுபட்டவனுக்குப் போய்ச் சேரும்ல, எனக்கு அது பிடிச்ச விஷயம். ஆனா வருசா வருசம் ரிட்டர்ன் போடணும், மறந்தா அபராதம், அதையும் பாத்துக்கங்க.

இன்னொண்ணு, யாரும் கேக்க மாட்டீங்க. கண்டாங்கி நெய்யிறவங்க ஏற்கனவே நெசவாளர் சங்கத்துல உறுப்பினரா? சங்கம் குடுத்த பாவு, சங்கம் குடுத்த நூல்ல நெஞ்ச சேலை சங்கத்தோட சேலை, அவங்களுக்கு வர்றது கூலி மட்டும். அதைக் கொண்டாந்து உங்க கடையில வைக்க முடியாது. சொந்த நூல் போட்டு நெஞ்சது தான் வைக்கலாம். அப்படின்னா நூலுக்கு முன்பணம் யாரு போடுறது? இதைப் பேசாம கடை தொறந்துராதீங்க.


சக்கரம் சுத்தி:

நானும் மண்ணு வேலை தான், அதனால உங்க மானாமதுரை அண்ணன் பேசாம இருந்தாலும் அவர் மனசுல என்ன ஓடும்னு எனக்குத் தெரியும். மொதல்ல உடையிறது. கடையில வச்ச பிறகு உடைஞ்சா யாரு கணக்கு? வர்ற டூரிஸ்ட் கொழந்தை தட்டி விட்டா, கடையில சம்பளத்துக்கு இருக்குற பொண்ணு தூசி துடைக்கையில விழுந்தா? எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல எல்லாம் செஞ்சவன் தலையிலதான், ஓலை மரம் துணிக்காரங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல, கமிஷன் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. இது நியாயமா? கடைக்குள்ள வந்த பிறகு உடைஞ்சா கடை கணக்குன்னு எழுதி வைங்க, கமிஷன்ல இருந்து ஒரு துண்டு அதுக்கு ஒதுக்கிடுங்க.

அப்பறம் கடையில முறை வச்சு உக்காருறது. ஆளாளுக்கு மாசம் ரெண்டு நாளுன்னு சமமாப் போட்டா பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா எங்களுக்கு புரட்டாசிலேர்ந்து தை வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது, கார்த்திகைக்கு அகல், அடுத்து பொங்கப்பானை, நடுவுல மழை வந்து காயப்போட்டதெல்லாம் நனையும், வெயில் அடிக்கிற நாளு சூளை வைக்கிற நாளு. உங்க ஊருக்கு டூரிஸ்ட் வர்றதும் சரியா அதே மாசம் தான், நவம்பர்லேர்ந்து பிப்ரவரி. அந்த நேரம் பாத்து என்னைக் கடையில உக்காருன்னா நான் எப்புடி உக்காருவேன். எங்களுக்கு சித்திரை வைகாசியில முறை போடுங்க, அப்ப கடைக்கு ஈ கூட வராதுன்னாலும் பரவால்ல நாங்க உக்காந்துக்குறோம். சிரிக்கல, நெசமாத்தான் சொல்றேன், இந்த மாதிரி விஷயத்துல தான் பொசுக்குன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிருவாங்க.

கடம் வைப்பீங்கன்னா ஒரு வார்த்தை. மானாமதுரைக் கடம் பாடகர் சுருதிக்கு ஏத்த மாதிரி பாத்து வாங்குறது, ஒரு கட்டை, ஒன்றரை, ரெண்டு, அஞ்சு கட்டைன்னு. அதைப் பூந்தொட்டிக்குப் பக்கத்துல அடுக்கி வச்சா போறவன் வர்றவன் மோதிரத்தோட தட்டுவான். வாசிக்கிறவன் வந்தா சுருதி தெரியாம வாங்க மாட்டான். ஒவ்வொண்ணுலயும் கட்டை எழுதி, கை எட்டாத இடத்துல வச்சு, கேட்டா எடுத்துக் குடுக்கணும், ஒரு பிரிமணையும் கூட வைங்க. அப்பறம் அது எங்க வேலையிலயே ரொம்ப கஷ்டமான வேலை, பானை விலைக்கு விலை போடாதீங்க.


ஈசிஆர் வாசி:

சோழமண்டலம் ஓவியர் கிராமம் போயிருக்கீங்களா யாராச்சும்? சென்னை ஈஞ்சம்பாக்கத்துல இருக்கு, நான் பக்கத்துல தான் இருக்கேன், வெளியூர்க்காரங்க வந்தா கூட்டிட்டுப் போற இடம். நீங்க கேக்குறதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் அதுதான். 1966ல கே.சி.எஸ். பணிக்கர், அப்ப மெட்ராஸ் ஓவியக் கலைக் கல்லூரி முதல்வர், அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து ஆரம்பிச்சது. படிச்சு முடிச்ச பசங்க ஓவியத்தை வச்சு சோறு திங்க முடியலன்னு விளம்பரக் கம்பெனி வேலை அது இதுன்னு போயி வரையிறதையே விட்டுடுறாங்கன்னு அவருக்குக் கவலை. அதுக்கு என்ன பண்ணாங்கன்னா பாத்திக் துணி, தோல், உலோகம், மண்ணுன்னு கைவினைப் பொருள் செஞ்சு வித்தாங்க. அந்தக் காசுல தான் கடற்கரையோரம் பத்து ஏக்கர் வாக்குல நிலம் வாங்கினாங்க, அப்ப அது வெறும் மணல். கொஞ்ச நேரம் வயித்துக்கு கைவினை, மிச்ச நேரம் சொந்தக் கலை. கலைஞர்கள் கைவினைச் சங்கம்னு அவங்களே ஒரு அமைப்பு வச்சு நடத்துறாங்க, கேலரியில வித்தா ஒரு பங்கு கமிஷன் சங்கத்துக்கு, அதுல தான் கேலரி பராமரிப்பு, ஊர் பராமரிப்பு எல்லாம்.

ஆனா ஒண்ணு, அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அவங்களுக்கு நிலம் சொந்தம், வாடகை கிடையாது. உங்களுக்கு வாடகை. சொந்தக்காரங்க வீடுன்னு வேற சொல்றீங்க, கடை நல்லாப் போனா மூணாவது வருஷம் அவங்க பையன் ஃபாரின்ல இருந்து வந்து காலி பண்ணுங்கன்னு சொல்லுவான், இப்பவே அஞ்சு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுப் பதிஞ்சுடுங்க அக்கா. சொந்தம்னு கூச்சப்படாதீங்க.


வளவு வீடு:

நான் இந்தப் பக்கம் ஒரு ஹெரிடேஜ் ஓட்டல்ல வேலை பாக்குறேன், டூரிஸ்ட்ட தினமும் பாக்குறவன். நல்ல முயற்சி, மனசார வாழ்த்துறேன், ஆனா கொஞ்சம் கசப்பா சொல்லவா.

வண்டி உங்க வாசல்ல தானா நிக்காது. டிரைவரும் கைடும் நிறுத்தினா தான் நிக்கும், அவங்களுக்கு வித்த தொகையில 20, சில கடையில 30 வரைக்கும் போகுது, ஊரறிஞ்ச ரகசியம். உங்க இருபத்தஞ்சு பர்சென்ட் கமிஷன்ல இதை எங்க இருந்து குடுப்பீங்க? குடுக்க மாட்டோம்னா அது ஒரு முடிவு, ஆனா அப்ப ஓட்டல்காரங்களோட நேரடியாப் பேசணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடையிறதைப் பாக்க வரலாம்னு ஒரு அட்டை அடிச்சு ரூம்ல வைக்கச் சொல்லுங்க, கெஸ்ட் நடந்தே வருவாங்க. அவங்களுக்கு அஞ்சு மணிக்கு வேற வேலையும் இல்ல, இந்த ஊர்ல.

ரெண்டாவது, அவங்க சூட்கேஸ்ல என்ன போகும்னு யோசிங்க. ஆத்தங்குடிக் கல்லை எல்லாரும் ஆசையாத் தடவிப் பாப்பாங்க, ஒருத்தர் கூட தூக்கிட்டுப் போக மாட்டாங்க, அம்புட்டு கனம். அதை சுவத்துல பத்து மாதிரி மட்டும் மாட்டி ஆர்டர் நோட்டு வைங்க, இல்லன்னா கைப்பிடி அளவுல சின்னதாப் போடச் சொல்லுங்க. அந்தப் பட்டறைக்காரர் கண்ணாடி மேல சாயத்தை ஊத்திக் கையாலயே டிசைன் போடுறதை வீடியோ எடுத்து ஓட விடுங்க, சூளையில சுடாம தண்ணியில ஊறவச்சு வெயில்ல காயவச்சே இந்தப் பளபளப்பு வருதுன்னா வெள்ளைக்காரன் நம்ப மாட்டான். கொட்டான் வெயிட்டே இல்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்குற மாதிரி செட்டா வச்சா ஜம்முனு போகும்.

மூணாவது சொன்னா அடிக்க வருவீங்க. வெறும் உங்க பதினஞ்சு பேரு சரக்கை மட்டும் வச்சு வாடகை தேறாது. கூடவே கொஞ்சம் பித்தளை, ஜெய்ப்பூர் துணி, சென்ட்டு, இப்படி ஓடுற சரக்கு வாங்கி வைங்க. முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைக்காரங்க எல்லாம் என்ன பண்றாங்க? பழசோட புதுசையும் கலந்து தான் விக்கிறாங்க. அதுல வர்ற லாபத்துல உங்க கேலரியை நடத்துங்க.


சக்கரம் சுத்தி:

இதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். மெஷின்ல அடிச்ச பித்தளை யானை 300 ரூபாய்க்கு பக்கத்துல இருந்தா என் மண் யானை 400 எவன் வாங்குவான். ஓடுற சரக்கு ஓடும், ஓடாததை மெதுவா பின்னாடி ரூமுக்குத் தள்ளுவீங்க, ரெண்டு வருஷத்துல கடை பேரு மட்டும் கைவினைன்னு இருக்கும். நடந்த கதையைத் தான் சொல்றேன்.


வளவு வீடு:

சரிண்ணே, ஆனா வாடகைக்கு வழி சொல்லுங்க. காபி வைக்கலாமா? கருப்பட்டிக் காபி, சீப்புச்சீடை, கவுனி அரிசி இந்த மாதிரி. அதுவும் ஊர்ப் பொம்பளைங்க கைச்சரக்கு தானே. சாப்புடுற பொருள் தான் திரும்பத் திரும்ப விக்கும், கொட்டானை ஒரு தடவை தான் வாங்குவாங்க.


மலைப்பக்கத் தமிழன்:

நான் இருக்கிறது அமெரிக்காவுல நார்த் கரோலினா. இங்க ஆஷ்வில்னு ஒரு மலையூர், அங்க சதர்ன் ஹைலேண்ட் கிராஃப்ட் கில்டுனு 1930லேர்ந்து ஒரு கைவினைஞர் சங்கம் இருக்கு. அவங்க கடைகள்ல ஆலன்ஸ்டாண்டுங்கிறது இன்னும் பழசு, 1895ல ஃபிரான்சஸ் குட்ரிச்னு ஒரு அம்மா மலைவாழ் பொம்பளைங்க நெஞ்ச போர்வையை வாங்கி விக்க ஆரம்பிச்சது, பிறகு சங்கம் வந்ததும் அதுக்கே குடுத்துட்டாங்க. இப்ப அது ப்ளூ ரிட்ஜ் பார்க்வேங்கிற மலைச்சாலை ஓரத்துல ஃபோக் ஆர்ட் சென்டர்ல இருக்கு, அந்தக் கட்டடம் 1980ல தொறந்தது. வீட்டுக்கு யாராச்சும் வந்தா நாங்க அங்க தான் போவோம்.

எதுக்கு சொல்றேன்னா, வெளிச்சரக்குச் சண்டைக்கு அவங்க ரொம்ப நாளா ஒரு பதில் வச்சிருக்காங்க. உறுப்பினர் ஆகணும்னா மூத்த கைவினைஞர்கள் உங்க பொருளைப் பாத்துத் தேர்வு பண்ணணும், அதுவும் தொழில் வாரியா. மண்ணுல தேறினவர் நாளைக்கு மரத்துல செஞ்சு கொண்டாந்தா அதுக்குத் தனியாத் தேறணும். அந்த மலைப் பகுதிக்காரங்க மட்டும் தான். கேலரின்னு நிமிந்து நிக்குதுன்னா அதனால தான்னு எனக்குத் தோணும். அதே மாதிரி வருஷத்துல முக்கால்வாசி மாசம் யாராவது ஒரு உறுப்பினர் வாசல் பக்கம் உக்காந்து வேலை செஞ்சுக்கிட்டே இருப்பாங்க, ஒருத்தர் தொடப்பம் கட்டிக்கிட்டு இருப்பாரு, இன்னொரு நாள் போனா நூல் நூத்துக்கிட்டு ஒரு பாட்டி. ஒருத்தர் கையால செய்யிறதைப் பத்து நிமிஷம் நின்னு பாத்தவன் விலை ஜாஸ்தின்னு சொல்லிப் பாத்ததில்ல.

இந்தப் பக்கம் சின்னச் சின்ன ஊர்ல உறுப்பினர்களே நடத்துற கேலரிகளும் உண்டு. அதுல நிறைய இடத்துல மாசச் சந்தா கட்டணும், முறை வச்சுக் கடையில உக்காரணும், உக்கார முடியலன்னா கமிஷன் கூடப் பிடிப்பாங்க. சக்கரம் சுத்தி அண்ணன் சொன்ன பிரச்சனைக்கு இது ஒத்து வரும்னு நெனைக்கிறேன், நேரம் இல்லாதவர் 30 குடுக்கட்டும், உக்காருறவர் 20 குடுக்கட்டும். பத்து பர்சென்ட்காரர் நிறைய நாள் உக்காந்தா அவருக்கு இன்னும் குறைக்கலாமே.


ஓலைக்குடிசை:

இராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஓலை வேலை பாக்குறவ நான். எல்லாரும் காசைப் பத்தியே பேசிட்டீங்க, சரக்கு கெடாம இருக்கணும்ல. அந்த மாதிரி பழைய வீட்டுல முகப்பு நல்லா இருக்கும், ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில சுவரெல்லாம் ஓதம் ஏறும், ஓலையில வெள்ளையாப் பூஞ்சை பிடிச்சிரும், ஒண்ணுல பிடிச்சா பக்கத்துலயும் போகும். சுவத்தை ஒட்டி அடுக்காதீங்க, நாலு விரக்கடை தள்ளி வைங்க. தூசி படும்னு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுறாங்க பாருங்க, அது ரொம்பத் தப்பு, உள்ளயே வேர்த்துப் போகும். வேப்பிலை காயவச்சு துணியில முடிஞ்சு உள்ள போடுங்க, வாரம் ஒரு தடவை இளவெயில்ல கொஞ்ச நேரம். உச்சி வெயில் வேணாம், சாயம் போயிரும், ஓலையும் முறுக்கிக்கும். வாசல் பக்கம் வெயில் விழுற தட்டுல சாயம் போட்ட கொட்டானை வைக்காதீங்க, சாயம் போடாத வெள்ளோலை வைங்க, கண்டாங்கியும் அப்படித்தான், மடிப்பு மாத்தி மாத்தி மடிக்கணும் இல்லன்னா மடிச்ச எடத்துல கோடு விழும்.

அப்பறம் பெஹ்சான் கார்டு எல்லாரும் வாங்கிட்டீங்களா? மத்திய ஜவுளித்துறையில கைவினைஞர்னு குடுக்குற அடையாள அட்டை. அது இருந்தா தான் காந்தி சில்ப் பஜார் மாதிரி கண்காட்சிக்கு எழுதிப் போட முடியும். கடையை நம்பி மட்டும் இருக்காதீங்க, டெல்லி ஹாட்ல 15 நாளைக்கு ஒரு தடவை ஆள் மாத்தி மாத்தி கடை குடுப்பாங்க, 1994லேர்ந்து அப்படித்தான் ஓடுது. நம்ம ஊர்ல கூட்டம் இல்லாத மாசத்துல ரெண்டு பேரு எல்லாரோட சரக்கையும் எடுத்துக்கிட்டு அங்க போகலாம். நெசவுக்காரங்களுக்கு கார்டு வேற, அது கைத்தறிப் பக்கம்.


கொட்டான்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இத்தனை பேரு இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. நேத்து சாயங்காலம் எல்லாரும் உக்காந்து இதை ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினேன். கணக்கர் ஐயா சொன்ன மாதிரி பத்து பர்சென்ட் அண்ணன் கையில பேனாவக் குடுத்தோம், போட்டுப் பாத்துட்டு ரெண்டரை லட்சமான்னு கேட்டுட்டு அமைதியா வெத்தலை போட ஆரம்பிச்சுட்டார். உக்காருறவங்களுக்கு 20, உக்காராதவங்களுக்கு 28ன்னு இப்போதைக்குப் பேசியிருக்கோம், ஆறு மாசம் பாத்துட்டு மாத்திக்கலாம். உடைஞ்சா கடை கணக்கு. மானாமதுரை அண்ணனுக்கு முறை சித்திரையில தான், அவர் சிரிச்சாரு.

வெளிச்சரக்கு வேணாம்னு முடிவு, ஆனா முழு மனசா இல்ல, ரெண்டு பேருக்கு வருத்தம் தான். பலகாரம் வைக்கலாம்னு சொன்னதுக்கு என் மாமியார் ஒரே போடா, ஓலை வாசத்துக்கு நடுவுல எண்ணெய்ப் பலகாரம் வச்சா எலி வரும், எலி வந்தா கொட்டான் போச்சுன்னு சொல்லிட்டாங்க. பின்கட்டு வாசல் பக்கம் தனியா வைக்க முடியுமான்னு வீட்டுக்காரங்களைக் கேட்டிருக்கோம்.

நெசவு அண்ணன் வீட்டுல ஒருத்தர் சங்கத்துல இருக்காங்க, இன்னொரு குடும்பம் இல்ல. அதனால இப்போதைக்கு அந்த இன்னொரு குடும்பத்துச் சேலை மட்டும். நூலுக்கு முன்பணம் எங்க இருந்துன்னு இன்னும் தெரியல.

இன்னும் மூணு கேள்வி இருக்கு. கண்டாங்கிக்கு 2019லயும் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023லயும் புவிசார் குறியீடு கிடைச்சுதுல்ல, எங்க கொட்டானுக்கும் இருக்கு, அந்த முத்திரையை நாங்க டேக்ல போட்டுக்கலாமா? ஜிஎஸ்டி கட்டணுமா? அப்பறம் கூகுள் பே ஸ்கேன் போர்டு யாரு பேர்ல வைக்கிறது, இப்போதைக்கு என் நம்பர்ல வச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க.


பழைய கணக்கர்:

குறியீடு ஊருக்குக் கிடைச்சுதுன்னா நீங்க தானா முத்திரை குத்திக்க முடியாது தாயி. செய்யிறவங்க ஒவ்வொருத்தரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா தனியாப் பதியணும், பதிவகம் சென்னை கிண்டியில தான் இருக்கு. யாரு பேர்ல குறியீடு வாங்கியிருக்காங்களோ அந்த அமைப்புக்கிட்டயும் பேசிடுங்க. அதுவரைக்கும் டேக்ல முத்திரை வேணாம், செஞ்சவங்க பேரும் ஊரும் போடுங்க, அதை யாரும் கேக்க மாட்டாங்க.

ஜிஎஸ்டி, பொருள் வியாபாரத்துக்கு நம்ம மாநிலத்துல வருஷம் 40 லட்சம் தாண்டினா தான் கட்டாயம். நீங்க அடுத்தவங்க சரக்கை வாங்கி வைக்காம அவங்களுக்காக வித்துக் குடுக்குறீங்க, அது யாரு விற்பனைங்கிறதுல சிக்கல் வரும், பில்லு எப்படிப் போடுறதுன்னு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை எழுதியே வாங்கிக்கங்க. வரியும் 2025 செப்டம்பர் 22லேர்ந்து நிறைய கைவினைப் பொருளுக்கு 12லேர்ந்து 5 ஆயிருச்சு, பழைய லிஸ்டைப் பாத்துப் போட்டுறாதீங்க.

விலை விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. கடையில 450க்கு இருக்குறதை வீட்டு வாசல்ல 300க்குக் குடுக்கக் கூடாது, யாரா இருந்தாலும். கைடு ஒருத்தன் கண்டுபிடிச்சான்னா நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவான், கடையை யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. மெட்ராஸ் வியாபாரிக்கு மொத்த விலை வேற, அது இருக்கட்டும், அவரையும் பகைச்சுக்காதீங்க, மழை மாசத்துல அவர் தான் வருவார்.

கூகுள் பே போர்டு உங்க பேர்ல வேணவே வேணாம். வித்த காசு மொத்தமும் உங்க வருமானம் மாதிரி பேங்க்ல நிக்கும், நாளைக்கு வருமான வரிக்காரன் கேட்டாலும் நீங்க தான் பதில் சொல்லணும், பத்தாம் தேதி ஒருத்தருக்கு இருபது ரூபா குறைஞ்சாலும் உங்களைத் தான் பாப்பாங்க. கம்பெனி பதிவு முடிய நாளாகும், கடை தொறக்குறதை அதுக்கு அப்பறம் வச்சுக்கங்க, பொங்கல் சீசன் போனாப் போகுது. பதிவு வந்ததும் கம்பெனி பேர்ல பான் கார்டு, கரண்ட் அக்கவுண்ட், மூணு பேர்ல யாராச்சும் ரெண்டு பேர் கையெழுத்து போட்டா தான் பணம் எடுக்கலாம்னு தீர்மானம் போட்டு நகல் குடுங்க. அந்த ரெண்டு பேரு ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கக் கூடாது. பேங்க்ல தீர்மான நகலைத் தொலைச்சுட்டுத் திரும்பக் கேப்பாங்க, நாலு காப்பி எடுத்து எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க.